சமயம் சபைக்கு வரலாமா?

சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பினாங்கில் மகள் வீட்டில் நலமாக இருக்கிறீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். பேரன் தேசிய சேவையில் சேர்ந்துவிட்டான்.

சமய அமைப்புகள் வழிபாட்டோடு நின்றுகொள்ள வேண்டும், ஊர்ப் பொதுக் காரியங்களில் கருத்துச் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். 1964ஆம் ஆண்டு இங்கே மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தைச் சிறுவயதில் கண்டவர்கள் நாம். உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

சூதாட்டக்கூடங்களை அனுமதிப்பது குறித்து 2004, 2005ஆம் ஆண்டுகளில் இங்கே நடந்த விவாதத்தை நினைத்துப் பாருங்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் அமைப்புகள் உட்படப் பலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். கடனில் மூழ்கும் குடும்பம், பிள்ளைகளின் படிப்பு, சூதுக்கு அடிமையாகும் மனம் என்று அவர்கள் சொன்ன காரணங்களை எந்தச் சமயத்தவரும், சமயமே இல்லாதவரும்கூட எடைபோட்டுப் பார்க்க முடிந்தது. அரசாங்கம் அனுமதி கொடுத்தது உண்மை. எனினும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 100 வெள்ளி நுழைவுக் கட்டணமும் (2019இல் அது 150 ஆனது), குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவரைத் தடுக்கும் ஏற்பாடும் உடன் வந்தன. அந்தக் குரல்கள் எழாதிருந்தால் இவ்வளவு கவனம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

2009இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஒரே தேவாலயத்தைச் சேர்ந்த பெண்கள் சிலர், தங்கள் நோக்கத்தை முன்கூட்டிச் சொல்லாமல், அவேர் என்னும் மகளிர் அமைப்பின் செயற்குழுவைத் தேர்தலில் கைப்பற்றினார்கள். மே மாதச் சிறப்புக் கூட்டத்தில் உறுப்பினர்கள் அவர்களை விலகச் செய்தார்கள். இத்தகைய காரியத்துக்குப் பிரசங்க மேடையைப் பயன்படுத்தக் கூடாதென்று தேவாலயங்களின் தேசிய மன்றமே அறிவித்தது. அந்த நேர்மையை நான் இன்றும் மதிக்கிறேன்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் நூற்றுக்கு 20 பேர் சமயம் சாராதவர்கள். இந்துக்கள் 5 பேர். இத்தகைய ஊரில் நம் சாத்திரம் சொல்கிறது என்பது மற்றவரை ஏற்கவைக்கும் காரணமாகாது.

எங்கள் கோயில் நிர்வாகக் குழுவில் இதையே வலியுறுத்திவருகிறேன். மதுப்பழக்கத்தைப் பற்றி ஊரில் பேசுவதென்றால் கோயிலின் பெயரிலேயே பேசுவோம், பக்கத்துப் பள்ளிவாசலையும் அழைப்போம், பிறர் மறுத்துப் பேசவும் இடம் கொடுப்போம் என்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவாகும். உங்கள் மறுப்பு இன்னும் இருந்தால், அதற்குள் எழுதுங்கள். குழுவினர் முன் அதையும் வாசிக்க விரும்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்