பாறையைப் பிடித்த மரத்துக்குத் தட்டு தட்டாக இலை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் வீட்டுத் தோட்டப் பக்கத்தில், பாறை மேல் வளர்த்த ஒரு போன்சாய் (தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் மரம்) படம் போட்டிருந்தீர்கள். கிளைக்குக் கிளை தட்டு அடுக்கின மாதிரி இலையைச் சமமாகக் கத்தரித்திருந்தார்கள். இப்படி மேகம் மேகமாக வெட்டிக்கொண்டே வந்தால் மரத்துக்கு வயதான தோற்றம் வரும் என்று கீழே எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் கத்தரியைக் கையில் எடுத்தார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன். என் மரம் அந்தக் கோலத்தில் இருந்தது. மீட்டெடுக்க நான்கு வருடம் பிடித்தது.

அது ஒரு சைனீஸ் எல்ம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பெரிய பையன் 2010-ல் வாங்கி வந்தபோது பென்சில் தடிமன்தான். சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்து மரம். கட்டைவிரல் நகம் அளவு இலை, ஓரத்தில் ரம்பப் பல். நம் ஜவ்வாது மலையடிவாரத்தில் ஆயா மரம் என்கிறோமே, இலையைக் கசக்கினால் நாறுமே, அதுவும் இதே குடும்பம்தான். வேரை அலசி, வரிவரியாகப் பள்ளம் விழுந்த ஒரு கருங்கல் மேல் பிரித்து உட்காரவைத்து, சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டிக் கட்டி, கல்லோடு சேர்த்து ஆழமான தொட்டியில் புதைத்தேன். மூன்று வருடம் தொடவில்லை. அப்புறம் மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், வேர் கல்லைக் கழுகு நகம் மாதிரி பிடித்திருந்தது. ஜப்பான்காரர்கள் இந்த முறையைச் செகிஜோஜு என்கிறார்கள்.

2018-ல் வெளியூரிலிருந்து வந்து வகுப்பு எடுத்த ஒருவரிடம் மரத்தைக் கொடுத்தேன். நாலாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு எல்லாக் கிளையையும் கம்பி சுற்றிப் படுக்கவைத்தார். ஏழு கிளை, ஏழு தட்டு, உச்சியில் ஒரு குடை. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். நான் மின் வாரியத்தில் 31 வருடம் வயர்மேன். பருவமழைக்கு முன்னால் லைனுக்கு அடியில் கிளை கழிப்பது எங்கள் வேலை. ஒரே இடத்தில் வருடா வருடம் வெட்டின புங்கனையும் வேம்பையும் பாருங்கள். கிளை நுனி முஷ்டி மாதிரி முண்டு கட்டிப்போய், அதிலிருந்து பத்துப் பதினைந்து குச்சி விறைப்பாக மேலே கிளம்பும். தட்டுத் தட்டாக நுனியையே கத்தரிக்கும் போன்சாயிலும் நடப்பது அதுதான். மேலே இலை அடர்ந்து மூடிவிட, உள்ளே வெளிச்சம் இல்லாமல் சின்னக் குச்சிகள் காய்ந்து உதிரும். ஒரு நாள் இலையை விலக்கிப் பார்த்தேன், உள்ளே வெறும் முண்டு. அதோடு, கம்பியைக் கழற்றுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சித்திரை வைகாசியில் கிளை பருத்து, அலுமினியக் கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது. கம்பியே என் தொழில், எனக்கே தோன்றாமல் போனது இன்னும் வருத்தம்தான். கீழ் இடது கிளையில் அந்தத் திருகுத் தழும்பு இன்றைக்கும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

பாறை மேல் மரம் எப்படி நிற்கும் என்று தெரிந்துகொள்ள வள்ளிமலைக்குப் போனேன். படி ஏறும் வழியில் பாறை இடுக்கில் நிற்கும் மரங்களை மூன்று தடவை போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இச்சி மரம்கூடத் தட்டு அடுக்கி நிற்கவில்லை. ஒரு பக்கம் பாறை தடுத்தால் மறுபக்கம் நீளும். ஒரு கிளை முறிந்து பொந்தாகியிருக்கும், பக்கத்துக் கிளை அந்த இடத்தை நிரப்ப ஏறியிருக்கும். கிளைக்கும் கிளைக்கும் நடுவில் வானம் தெரியும்.

2021 தை மாதம், இலை மெலிந்திருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தேன். முண்டுகளை எல்லாம் பின்னால் உள்ள சிறு கிளை வரைக்கும் வெட்டி இறக்கினேன். நேருக்கு நேர் கிளம்பின இரண்டு கிளையில் ஒன்றை எடுத்தேன். உச்சிக் குடை போயிற்று. "என்னங்க, இப்படி மொட்டை அடிச்சிட்டீங்களே" என்று என் மனைவி கலங்கிப்போனார். ஆனால் எல்ம் தாராளமான மரம். ஒரு மாதத்துக்குள் பழைய பட்டையிலிருந்தே துளிர் வெடித்தது.

அதற்குப் பிறகு கம்பி அநேகமாகக் கட்டவில்லை. எல்மில் இலை ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறி மாறி வரும். எந்தத் திசைக்குக் கிளை போக வேண்டுமோ அந்தத் திசை பார்க்கும் இலைக்கு மேலே வெட்டினால், புதுத் துளிர் அங்கேதான் போகும். ஐந்தாறு இலை விட்டதும் இரண்டு இலைக்குக் குறைப்பேன். ஒவ்வொரு வெட்டிலும் கிளை ஒரு கோணம் திரும்புகிறது. கம்பியால் வளைத்த வளைவு குழாய் வளைவு. இது கணுக்கணுவாக முறுகின வளைவு. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கல்லை விட்டு விலகித் தொங்கின ஒரு வேரை ஈரத் தேங்காய் நார் வைத்து அழுத்திக் கட்டினேன், இரண்டு வருடத்தில் ஒட்டிக்கொண்டது. குறுக்கே ஓடின மெல்லிய வேர்களை வெட்டி மணலில் நட்டதில் மூன்று துளிர்த்திருக்கின்றன. நீல நிறத் தொட்டியைக் கழித்துவிட்டு, கரிகிரியில் தட்டையாக ஒரு மண் தாம்பாளம் செய்து வாங்கி, கல்லை லேசாகச் சரித்து வைத்தேன். இப்போது மரம் சரிவில் நிற்கிறது. பட்டை செதில் செதிலாக உரிந்து உள்ளே செம்மஞ்சள் தெரிகிறது.

வேலூர் வெயிலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை கல் அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும், ஒட்டின வேர் வெந்துவிடும். அந்த நாலு மாதமும் பச்சை வலை நிழலும், கல் மேல் ஈரத் துணியும் கட்டாயம்.

உங்கள் தோட்டப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தட்டு வெட்டும் படத்தைப் போட்ட அதே இடத்தில், வள்ளிமலையிலோ ஏலகிரியிலோ பாறையைப் பிடித்து நிற்கும் மரம் ஒன்றின் படத்தையும் போடுங்கள். கம்பி கட்டினவர்கள் வாரம் ஒரு தடவை பட்டையைத் தடவிப் பார்க்கட்டும் என்று ஒரு வரி சேருங்கள். 2018-லும் இந்த மாதமும் என் மரத்தை எடுத்த இரண்டு படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வயர்மேன் ஒருவர்,
காட்பாடி.