சாக்லேட் வந்து சேர்ந்தது

ரங்கூன்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் நீ சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய டார்க் சாக்லேட் எல்லாம் வந்து சேர்ந்தது. வழியில் உருகி, மறுபடி உறைந்து, மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று அம்மா தூக்கிப் போடப் பார்த்தாள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம் ஊர் ஏப்ரல் வெயிலுக்கும் பாதி நாள் கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜுக்கும் அது எப்படித் தாங்கும்? உருகிய கொழுப்பு மேலே வந்து உறைந்ததுதான் அந்த வெள்ளை, கெடுதல் இல்லை என்று சொல்லி, ஒரு துண்டை நானே வாயில் போட்டுக் காட்டினேன். நல்ல கசப்பு. எனக்குப் பிடித்திருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ “இது பிபிக்கு நல்லதும்மா” என்று ஒரு வார்த்தை சொன்னாய். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிபி மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிவிட்டு, மாத்திரை இல்லாத நாளில் உன் சாக்லேட்டைச் சாப்பிடுகிறாள். கேட்டால் “பிள்ளை படிச்சவ, அவளுக்குத் தெரியாதா” என்கிறாள். மருந்துக்கடையில் காலம் தள்ளிய என் பேச்சு இந்த வீட்டில் எடுபடாது என்பது உனக்குத் தெரியும். அதனால் உனக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே அவளிடம் சொல்.

நீ சொன்னது பொய் இல்லை. கொக்கோ விதையில் ஃபிளவனால் என்ற சத்து இருக்கிறது. அது ரத்தக் குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைக் கூட்டும். குழாய் கொஞ்சம் தளரும், பிபி இறங்கும். ஆனால் எவ்வளவு இறங்கும் என்பதுதான் கேள்வி. 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு இதைப் பற்றிய 35 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. சராசரியாக மேல் எண்ணும் கீழ் எண்ணும் 2 புள்ளிகூட இறங்கவில்லை. பிபி உள்ளவர்களிடம் 4 புள்ளி வரை இறங்கியது. அந்த ஆய்வுகளும் சில வாரங்களே நடந்தவை. அம்மா சாப்பிடும் பிபி மாத்திரை அம்லோடிபின் தருவது அதைவிடப் பெரிய இறக்கம், அதுவும் தினம் தவறாமல் சாப்பிட்டால்தான்.

பெரிய ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் வயதானவர்கள் 21,442 பேரை வைத்து நடத்தி, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, கொக்கோ எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இதய நோயால் இறந்தவர்களை மட்டும் எண்ணினால், கொக்கோ எடுத்தவர்களில் 27 சதவீதம் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் தின்றது சாக்லேட் இல்லை. தினம் 500 மில்லிகிராம் ஃபிளவனால் அடங்கிய மாத்திரை. செலவில் ஒரு பங்கைக் கொடுத்தது மார்ஸ் சாக்லேட் கம்பெனி. அதற்காக முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு படிக்க வேண்டும், அவ்வளவே.

நீ அனுப்பிய உறையில் 85 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, அது கொக்கோவின் அளவு. ஃபிளவனால் எவ்வளவு என்று அதில் தெரியாது. விதையைப் புளிக்க வைப்பதிலும் வறுப்பதிலும் நிறையப் போய்விடும். கசப்பைக் குறைக்க ஆல்கலி சேர்த்தால் மிச்சமும் பெரும்பாலும் போச்சு. அதே குடும்பத்துச் சத்து பச்சைத் தேயிலையிலும் இருக்கிறது. இங்கே டீக்கடை மேசையில் பிளாஸ்க்கில் காசு வாங்காமல் வைக்கிறார்களே, அந்த வெறுந்தேநீரைத்தான் சொல்கிறேன். அதை யாரும் மருந்து என்று கொண்டாடுவதில்லை!

அம்மாவின் பிபிக்கு உண்மையான எதிரி, மீனை உப்புப் போட்டுப் புளிக்க வைத்து அரைக்கும் ஙப்பிதான். அப்புறம் கருவாடு, ஊறுகாய். உப்பில்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு நாளைக்கு 4 கிராம் சொச்சம் உப்பைக் குறைத்தாலே பிபி உள்ளவர்களுக்கு மேல் எண் 5 புள்ளி அளவு இறங்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. சாக்லேட்டைவிட அதிகம், செலவும் இல்லை. ஆனால் ஙப்பியைக் குறை என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நீ சொல்லிப் பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு துண்டு சாக்லேட் சாப்பிடட்டும், ஆசைக்கு. 20 கிராமில் ஒரு தோசை அளவு கலோரி இருக்கிறது, அதை மறக்காமல் சாப்பிட்டால் போதும். ராத்திரி டீயோடு மட்டும் வேண்டாம். சாக்லேட்டில் கொஞ்சம் காஃபீனும், அதே வகையைச் சேர்ந்த தியோபுரோமினும் உண்டு. இப்போதே அவளுக்குத் தூக்கம் சரியில்லை.

இனி உன் விஷயம். மாசமாக இருக்கும் உனக்கு ரத்தம் குறைவு, அதற்கும் டார்க் சாக்லேட் நல்லது என்று மாப்பிள்ளை சொன்னாராம். 100 கிராமில் 12 மில்லிகிராம் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் கொக்கோவில் உள்ள பாலிஃபீனால் (ஃபிளவனாலும் அந்த வகைதான்) இரும்பை உடம்பு முழுதாக எடுக்க விடாது. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையைச் சாக்லேட்டோடும் டீயோடும் சேர்க்காதே, ரெண்டுக்கும் நடுவில் இடைவெளி விடு. இன்னொன்று. 2022-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தது. அவற்றில் 23-ல், தினம் ஒரு அவுன்ஸ் (28 கிராம்) தின்றாலே கவலைப்பட வேண்டிய அளவு ஈயமோ காட்மியமோ இருந்தது. ரெண்டுமே நச்சு உலோகங்கள். காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிறது. ஈயம், விதையை வெளியில் காயவைக்கும்போது தூசியோடு படிகிறது. எப்போதாவது ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு தினமும் சத்துக்கு என்று தின்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கீரையும் மீனும் பருப்பும் அங்கேயும் கிடைக்கிறதே.

அடுத்து யாராவது வந்தால் சாக்லேட் வேண்டாம். பிபி மிஷினில் கையில் சுற்றும் பட்டை கிழிந்து காற்று நிற்கவில்லை. சூரத்தி பஜார் பக்கம் தேடியும் நம் மிஷினுக்குப் பொருந்துவது கிடைக்கவில்லை. மிஷினின் படத்தைப் போனில் அனுப்பியிருக்கிறேன். அதைக் காட்டிப் பட்டை மட்டும் வாங்கிக் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
அப்பா