தினமும் காலை 9 மணிக்குக் கடல் வற்றாது: ஒரு தீவுச் சுற்றுலா பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ‘இயற்கை, நடை, ஓய்வு’ தீவுச் சுற்றுலாவில் நேர்ந்த குறைகள், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ‘இயற்கை, நடை, ஓய்வு’ பேக்கேஜில் பதிவு செய்து அந்தச் சிறு தீவுக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். அறை சுத்தம், சாப்பாடு நேரத்துக்கு வந்தது, படகோட்டிகள் தங்கமான மனிதர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் புகார் முழுக்க உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ போட்ட நிகழ்ச்சி நிரலைப் பற்றியது.

அதில் “தினமும் காலை 9 மணி: கடற்கரை வழியாகத் தீவைச் சுற்றி நடை” என்று இருக்கிறது. தினமும் 9 மணி! பெரும்பாலான கடற்கரைகளில் கடலின் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும்; இரண்டு சுற்று முடிய ஒரு நாளைவிட 50 நிமிடம் கூடுதல். அதனால் இன்று 9 மணிக்கு வற்றும் கடல் நாளை 9.50 வாக்கில்தான் வற்றும். ஒரு வாரத்தில் எல்லாம் தலைகீழாகி, அதே 9 மணிக்குக் கடல் ஏறி நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் அதிகம். கடலோரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம் இது.

நீங்கள் எங்களை முதல் நடைக்கு அழைத்துப் போனது பௌர்ணமிக்கு மறுநாள். கிளம்பும்போதே கடல் ஏறத் தொடங்கிவிட்டது. தீவின் மறுகோடியில் பாறை கடலுக்குள் நீண்டிருக்கும் முனையைத் தாண்டி, அடுத்த சின்ன வளைவுக்குள் போனோம். அங்கே மணல் குறுகிக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியில் அலை பாறையில் அடிக்கிறது. முன்னாலும் தண்ணீர். பாசி பிடித்த பாறையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏறினோம். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாவைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பேர் கீழிருந்து தாங்கி ஏற்றினார்கள்; அவர் முழங்கால் சிராய்ந்து ரத்தம் கசிந்தது. கைடு பையன் அந்தத் தீவுக்கே புதியவன், பாவம். உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டான். “ஷெட்யூல்ல அப்படித்தான் இருக்கு” என்று பதில் வந்ததாம்! தண்ணீர் வடியும்வரை வெயிலில், குடிநீரும் தீர்ந்துபோய், பல மணி நேரம் அந்தப் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். இதைத்தான் ஓய்வு என்கிறீர்களோ என்னவோ.

கடைசி நாள் காலையில் படகோட்டி ஒருவரிடம் நாங்களே கேட்டோம். “இன்னிக்கு ஒன்பதுக்குப் போங்க, நல்லா வத்திக் கிடக்கும்” என்றார். போனோம். அதே முனையில் கால் நனையாமல் நடந்தோம். ஈரமணல் தரைபோல் இறுகியிருந்தது. பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் துறவி நண்டுகள் சங்கை இழுத்துக்கொண்டு திரிந்தன. நாங்கள் பணம் கட்டியது இந்த ஒரு காலைக்காகத்தான்.

அடுத்தது பறவைகள். மணல்திட்டில் ஆலாக்கள் முட்டையிட்டிருந்தன. கூடு என்று ஒன்றும் இல்லை, மணலில் ஒரு சிறு பள்ளம். புள்ளி போட்ட முட்டை கூழாங்கல்லோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. அதற்கு நடுவே குழுவை நிறுத்தி, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, மேலே ட்ரோன் பறக்கவிட்டு வீடியோ எடுத்தார்கள். பறவைகள் கத்திக்கொண்டு தலைக்குமேல் சுற்றின. அவை எழுந்து போனால் முட்டை வெயிலில் வெந்துவிடும், இல்லையென்றால் காகத்துக்கு இரை. வேல்ஸ் நாட்டின் ஸ்கோமர் தீவில் நாளொன்றுக்கு 250 பார்வையாளர்களுக்கு மேல் இறங்க விடுவதில்லை. தரைக்கடியில் பறவை வளைகள் இருப்பதால் பாதையை விட்டு விலகவும் கூடாது. இயற்கையை விற்பவர்களுக்கு அதில் பாதி அக்கறையாவது வேண்டாமா?

வாட்ஸ்அப்பில் முறையிட்டபோது “இயற்கைச் சீற்றங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல” என்று பதில் அனுப்பினீர்கள். புயல் வந்திருந்தால் நானே வாயை மூடிக்கொண்டிருப்பேன். கடல் ஏறுவதும் வற்றுவதும் சீற்றமா? பல மாதங்களுக்கு முன்பே நேரம் கணித்து அட்டவணை வெளியிடுகிறார்கள். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலையே தினமும் இரண்டு முறை கடலில் மூழ்குகிறது. எப்போது கடக்கலாம் என்று நாள்வாரியாக முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். பார்க்காமல் போகிறவர்களின் கார்தான் தண்ணீரில் மாட்டுகிறது. நீங்கள் பார்க்கவில்லை, நாங்கள் மாட்டினோம்.

ஆகவே, முதல் நாள் நடைக்கான கட்டணத்தையும், அந்த அம்மாவின் மருத்துவச் செலவையும் திருப்பித் தர வேண்டும். நடை நேரத்தை அந்தந்த நாளின் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துக் குறியுங்கள். உள்ளூர்ப் படகோட்டி ஒருவரைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அப்புறம், முட்டையிடும் காலத்தில் அந்த மணல்திட்டைப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கர் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தேவை. வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். பாறைமேல் உட்கார்ந்திருந்தபோது எடுத்த படங்கள், நிகழ்ச்சி நிரல், கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் தீவுச் சுற்றுலாவில் வந்த பயணி