படம் எடுத்தீர்கள், சரி, எப்போது காட்டுவீர்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கேமராவோடு வந்து ஆவணக் குறும்படம் எடுத்துச் செல்லும் இளையவர்களுக்கு,

எங்கள் பக்கத்தில் மூத்தவர்கள் இளையவர்களை ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். கொஞ்சம் காரமாக எழுதும் இடங்களிலும் அந்தச் சொல் உங்கள் காதில் இருக்கட்டும்.

என் பெரியப்பா வில்லுப்பாட்டுக்காரர். ஐம்பது வருடமாகக் கோயில் கொடை விழாக்களில் வில்லடித்தவர். மூன்று வருடங்களுக்கு முன் நான்கு பேர் வந்து அவரைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று எடுத்தார்கள். நல்ல பிள்ளைகள்; சாப்பிட்ட இலையைத் தாங்களே எடுத்துப் போட்டார்கள். இரண்டாம் நாள் பெரியப்பாவையும் வில்லையும் குடத்தையும் ஒரு வேனில் ஏற்றி முட்டம் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். சூரியன் மறைகிற நேரத்தில் பாறை மேல் உட்கார்ந்து பாட வேண்டுமாம். ஈரக்காற்றில் உடுக்கையின் தோல் தொய்ந்துவிட்டது. சுடலைமாடன் கதையை மாடன் இல்லாத இடத்தில் பாட அவருக்கு மனம் ஒப்பவில்லை. வந்த பிள்ளைகளின் முகம் வாடக் கூடாதே என்று பாடினார்.

கொடையில் வில்லுப்பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீசுகோல் நாணில் விழ, மணிகள் குலுங்க, ஒருவர் பத்தி என்னும் தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அடிக்க, கதை மணிக்கணக்கில் மெல்ல நகரும். சாமி வரும் இடத்தை நெருங்கும்போது அடி இறுகும். அப்போது பெரியப்பாவின் கண் ஏட்டிலும் இருக்காது, கூட்டத்திலும் இருக்காது. எதிரே நிற்கிற சாமியாடியின் காலில் இருக்கும். அந்தக் கால் துடிக்கிற துடிப்புக்குத்தான் பாட்டு ஏறும், இறங்கும். பாடுகிறவர் பாதி, ஆடுகிறவர் பாதி. முட்டம் பாறையில் அந்த மறுபாதிக்கு நீங்கள் அஸ்தமனத்தை வைத்தீர்கள்.

முடிந்த படத்தை நான் மருமகனின் செல்பேசியில்தான் பார்த்தேன். பெரியப்பாவின் குரலுக்கு அடியில் யாரோ புல்லாங்குழல் வாசித்தார்கள். அவர் பேசிய தமிழுக்குக் கீழே இன்னொரு தமிழ் எழுத்தில் ஓடியது. அவர் ‘மரச்சீனி’ என்றார். கீழே ‘மரவள்ளிக்கிழங்கு’ என்று வந்தது. போகட்டும், சென்னைக்காரருக்கும் புரிய வேண்டுமே. ஆனால் குடம் அடிக்கிற என் அத்தானை ‘மேளக்காரர்’ என்று போட்டிருந்ததை என்ன சொல்வது? எங்கள் ஊர்த் திடலில் ஒரே ஒருமுறை படத்தை ஓட்டியிருந்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று திருத்தியிருக்கும்.

நான் கேட்பது இதைத்தான். எடுத்த படத்தை முடிப்பதற்கு முன் எங்களுக்குக் காட்டுங்கள்.

இது புதிய கோரிக்கை அல்ல. உங்கள் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் ஃபிளாஹர்ட்டி, 1920-இல் கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரைக்கு இனுவிட் மக்களைப் படமெடுக்கப் போனபோது, பிலிம் கழுவும் கருவிகளையும் புரொஜெக்டரையும் சேர்த்தே சுமந்துகொண்டு போனார். நீண்ட தந்தங்கள் கொண்ட வால்ரஸ் என்ற கடல்விலங்கை வேட்டையாடும் காட்சியை எடுத்து, அங்கேயே கழுவி, வேட்டையாடியவர்களுக்கே போட்டுக் காட்டினார். திரையில் மிருகம் திமிறியபோது அவர்கள் “பிடி, விடாதே” என்று கத்தினார்களாம். அவரும் யோக்கியர் இல்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்களைப் படத்துக்காக ஈட்டி எறியச் சொன்னார்; வெளிச்சம் வேண்டும் என்பதற்காகப் பனிவீட்டைப் பாதியாக வெட்டிக் கட்டினார். உங்கள் முட்டம் பாறைக்கு அவர்தான் பாட்டன். ஆனாலும் காட்டினார். அத்தனை பாரத்தை அவ்வளவு தூரம் சுமந்து போனவரால் முடிந்தது, சட்டைப்பையில் படத்தை வைத்திருக்கும் உங்களால் ஏன் முடியவில்லை?

இன்னொன்று, இந்த அடையாள விஷயம். கேமராவை வைத்ததும் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி, “நீங்கள் உங்களைத் தமிழராக உணர்கிறீர்களா, மலையாளியாகவா?” 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்காகப் போராடியவர்கள் எங்கள் தாத்தாக்கள். திருவனந்தபுரத்தில் இறங்கினால் நாங்கள் பாண்டி, சென்னையில் இறங்கினால் மலையாளி. இந்த வேடிக்கை எங்களுக்குப் பழகிவிட்டது. உங்கள் கேள்விக்கு யாரும் வாயால் பதில் சொல்ல மாட்டார்கள். மத்தியானம் அடுக்களையில் கேமராவை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அம்மியில் தேங்காய் அரைபடும் நேரத்தில் ஒரு பெண் மகளிடமும், மீன்காரியிடமும், தொலைபேசியில் கேரளத்துப் பாறசாலைக்காரச் சம்பந்தியிடமும் பேசுவதைக் கேளுங்கள். மூன்று பேச்சும் மூன்று விதமாக இருக்கும். இங்கே தோல்பாவைக் கூத்து ஆட்டும் குடும்பங்கள் வீட்டுக்குள் மராத்தி பேசுகின்றன; வெளியே இராமாயணத்தைத் தமிழில் பாடுகின்றன. அவர்களிடம் போய் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

ரப்பர் தோட்டத்தில் மழை பெய்வதை அழகழகாக எடுக்கிறீர்கள். பால்வெட்டுக்காரருக்கு மழை என்றால் அன்று கூலி இல்லை. வெளுக்கும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாய்ப் போக வேண்டிய மனிதர், நீங்கள் மழையை எடுக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். படம் அங்கே இருக்கிறது, திண்ணையில்.

ஒக்கி புயலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் அடித்தபின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் எத்தனையோ கேமராக்கள் வந்தன. ஆழ்கடலில் சுறாத் தூண்டில் போடப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் அவை. ஒரு வீட்டில், “அக்கா, ஒலி சரியாக விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அந்தப் பெண் இன்னொரு தடவை சொன்னார். முழுவதையும் சொன்னார். அந்தப் படம் எங்கே போயிற்று என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

திருவனந்தபுரத்தில் 2008 முதல் நடக்கும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு நான் முடிந்தபோதெல்லாம் ரயிலேறிப் போகிறேன். நல்ல விழா. நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, போகிறேன். பனையேறியும் பூக்கட்டுகிற பெண்ணும் கரமடி வலை இழுக்கிறவரும் எப்படி வருவார்கள்? அவர்களைப் பற்றித்தானே படம்?

எங்களுக்குத் திரை புதிதல்ல. ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் விளக்கை வைத்து, ஆட்டுத்தோல் இராவணனை ஆட்டிக் காட்டிய ஊர்கள் இவை. சொந்தக்காரனைத் திரையில் பார்த்தால் கூச்சல் போடுவோம். இரைச்சலுக்கு நடுவேதான் உங்கள் படம் ஓடும். தேவாலயப் பங்குக் கூடம் இருக்கிறது, பள்ளி மைதானம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது. யாராவது “இது தப்பு” என்று சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். “இதை எடுத்துவிடு” என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்; நியாயம் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டை போடுங்கள். பெரியப்பா சண்டைக்குத் தயாராகவே இருக்கிறார், அந்தப் புல்லாங்குழலைப் பற்றி.

எங்கள் ஊர்க் கொடை சித்திரையில். முதல் நாள் ராத்திரி, வில்லு தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் தரலாம் என்று கமிட்டியில் பேசிவிட்டேன். துணி எங்களிடம் இருக்கிறது, புரொஜெக்டரை மட்டும் கொண்டு வாருங்கள். பெரியப்பாவுக்கு எண்பத்தொரு வயது, தூரத்துப் பார்வை மங்கிவிட்டது. அவருக்கு நாற்காலியைத் திரைக்குப் பக்கத்திலேயே போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்