ராஜபக்சேவுக்கு இங்கே ஓட்டு இல்லை: தமிழகக் கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். 2013 மார்ச்சில் ஈழத் தமிழர் படுகொலைக்கு நீதி கேட்டுச் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்ததைப் பார்த்துத் தெருவுக்கு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். கையில் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரன் படம் ஒட்டிய தட்டி. மணல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கும் 12 வயதுப் பையன். பக்கத்துப் படத்தில் மார்பில் குண்டுத் துளைகள். பசை காயாமல் விரலெல்லாம் பிசுபிசுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

நீங்களும் மேடையேறினீர்கள், கதறினீர்கள். அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்ல வரவில்லை. முள்ளிவாய்க்கால் பிணங்களையும் உள்ளூர்ப் பிணங்களையும் தராசில் வைத்து எடைபோடவும் வரவில்லை. அது கேவலமான கணக்கு.

ஆனால் அதற்கு நாலு மாதம் முன்னால்தான், 2012 நவம்பர் 7 அன்று, தருமபுரியில் நத்தம் காலனியையும் பக்கத்து இரண்டு குடியிருப்புகளையும் கொளுத்தினார்கள். ஒரு சாதி மறுப்புத் திருமணம்தான் சாக்கு. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் நாசம். அங்கே போக நாங்கள் ஒரு பஸ்கூடப் பிடிக்கவில்லை. (எங்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.)

அப்புறம் 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பட்டப்பகல், பேருந்து நிலையம் பக்கம், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இளம் ஜோடி. பைக்கில் வந்தவர்கள் வெட்டிவிட்டு அதே பைக்கில் கிளம்பிப் போனது கேமராவில் பதிவாகி, டிவியில் நாள் முழுக்க ஓடியது. இரண்டு மாதத்தில் தேர்தல். அந்தப் படத்தை எந்தப் பெரிய கட்சியும் சுவரொட்டியாக அடித்து நான் பார்க்கவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா? ராஜபக்சேவுக்கு இங்கே ஓட்டு இல்லை. அரிவாள் எடுத்தவனின் சாதிக்கு இருக்கிறது. தொகுதிக்கு எத்தனை என்று உங்கள் மாவட்டச் செயலாளர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

2013 மார்ச் 27 அன்று தனி ஈழத்துக்குப் பொதுவாக்கெடுப்பு கேட்டுச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டீர்கள். கொழும்பு கேட்காது, டெல்லியும் காதில் போட்டுக்கொள்ளாது என்று தெரிந்தும் ஒரே நாளில் வேலை முடிந்தது. சரி, நல்லது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கொண்டுவர யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. 2018-லேயே உச்ச நீதிமன்றமும் சட்டம் தேவை என்று சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் இன்னொரு இளைஞர் வெட்டப்பட்டு, ஊரே கொதித்த பிறகு, அக்டோபரில்தான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் அந்தச் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஆணையம் என்று அறிவிப்பு வந்தது.

சட்ட முன்வடிவு அவைக்கு வரும் நாளில் உங்கள் கட்சி உறுப்பினர்களில் யார் யார் எழுந்து பேசுவார்கள், பேசும்போது வெட்டியவனின் சாதிப் பெயரை வாய்விட்டுச் சொல்வார்களா என்பதை இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
2013-ல் தட்டி பிடித்த ஒருவன்