எட்டுப் போட்டவள் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலைப் பாதுகாப்பு பற்றிப் போன ஞாயிறு நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், "நம்மூரில் ஒழுங்காக எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர் யார் இருக்கிறார்?" என்று ஒரு வரி. நான் இருக்கிறேன். வயது 49. கியர் வண்டியில், மூன்றாவது தடவையில் வாங்கினேன்.

கட்டுரையாளருக்கு எட்டு ஒரு கேலிப்பொருள். எனக்கு அது இரண்டு மாதம் தொலைத்த தூக்கம். கணவருக்குப் பார்வை மங்கிய பிறகு, வீட்டில் சும்மா நின்ற ஸ்ப்ளெண்டரை விற்க மனமில்லாமல், வண்டி பழகுவதற்கான எல்.எல்.ஆர். உரிமம் போட்டேன். 30 நாள் கழிந்தால்தான் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருவில் கோலமாவால் எட்டு வரைந்து ஓட்டினேன். "என்னடி கோலம் இது, புள்ளியே காணோம்" என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா. கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, முன் சக்கரத்தைப் பார்க்காமல் அடுத்த வளைவைப் பார்க்க வேண்டும். சொல்லும்போது சுலபம். எத்தனை தரம் விழுந்தேன் என்று என் வலது முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

முதல் தடவை காலை ஊன்றிவிட்டேன். இரண்டாவது தடவை நடு வளைவில் வண்டி ஆஃப். ஒவ்வொரு தடவைக்கும் 300 ரூபாய் கட்டணம். "ஸ்கூட்டி கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றார் ஆய்வாளர், அன்பாகத்தான். ஸ்கூட்டியில் ஓட்டிக் காட்டினால் கியர் இல்லாத வண்டிக்குத்தானே உரிமம் கிடைக்கும்? வெளியே வேப்பமரத்தடியில் நின்றவரின் அன்பு வேறு ரகம். "ரெண்டாயிரம் குடுங்கக்கா, வண்டியில ஏறி உட்கார்ந்தா போதும்." கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனதையும் பார்த்தேன். அதனால் உங்கள் கட்டுரையாளர் சொன்னது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். கொடுக்காதவர்களையும் அதே மூட்டையில் ஏன் கட்டினார் என்றுதான் கேட்கிறேன்.

ஹெல்மெட் கட்டாயம் என்று அங்கே பலகை இருக்கிறது. வரிசையில் 14 பேர், ஹெல்மெட் ஐந்து. இறங்குகிறவர் தலையிலிருந்து ஏறுகிறவர் தலைக்கு அது மாறிக்கொண்டே இருந்தது. இதையெல்லாம் வந்து பார்த்து எழுத உங்களுக்கு ஆள் இல்லை. மகளிர் தினத்துக்கு மட்டும் புல்லட் ஓட்டும் பெண்ணை அட்டையில் போடுகிறீர்கள். தீபாவளி மலரிலோ பெண்டாட்டி வண்டி ஓட்டுவது பற்றி மூன்று ஜோக். எங்கள் வீட்டில் இரண்டையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி தாங்கள் அறியாததல்ல. சைகை காட்டுவது, முந்துவது, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் எப்படி நடந்துகொள்வது, எல்லாவற்றையும் ஓட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. என்னை யாரும் மெயின்ரோட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. லைசென்ஸ் வந்த வாரமே ஒரு பஸ் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தபோது, அத்தனை பாடுபட்டுக் கற்ற எட்டு எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. அதை எழுதியிருந்தால் கட்டுரையை வெட்டி வைத்திருப்பேன்.

சரி, நான் கேட்பது பெரிதில்லை. டெஸ்ட் மைதானத்தில் எட்டுக்கோடு அழிந்து போய்விட்டது. ஆய்வாளரே செருப்புக் காலால் மண்ணில் கீறிக் காட்டுகிறார். ஒரு டப்பா பெயின்ட் போதும். உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி போடுங்கள். அடுத்த மாதம் என் மகளுக்கு டெஸ்ட், அதற்குள் வந்தால் நல்லது. வராவிட்டால் கோலமாவு வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
கியர் வண்டி உரிமம் உள்ள ஒரு வாசகி