உருண்டைக் கல்லெல்லாம் டைனோசர் முட்டை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஏரி தூர்வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ உருண்டையான கல் வெளிப்பட்டால், மறுநாளே ‘டைனோசர் முட்டை கண்டெடுப்பு’ என்று செய்தியாகிவிடுகிறது. 2020 அக்டோபரில் குன்னத்தில் கிடைத்த உருண்டைகளைப் பற்றி ஊரெல்லாம் அப்படித்தான் பேச்சு. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, அவை அம்மோனைட் என்ற, சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரியைச் சுற்றி இறுகிய கல் உருண்டைகள் என்றார்கள். முதல் செய்தி போய்ச் சேர்ந்த தூரத்துக்கு அந்த விளக்கம் போகவில்லை. இனி இப்படி ஒரு தகவல் உங்கள் மேசைக்கு வந்தால், அச்சேற்றும் முன் எதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி, கல் கிடைத்த இடத்தின் பாறை எது என்பது. ஊட்டத்தூர், காரை பக்கம் தொடங்கிக் கிழக்கே செந்துறை வரை நிலத்தின் மேல் தெரிவது, டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டமான கிரிட்டேசியஸ் காலப் படிவுகள். மேற்கே இருப்பவை பழையவை, கிழக்கே போகப் போக இளையவை. இவற்றில் பெரும்பகுதி கடலடியில் படிந்த சேறும் மணலும் சுண்ணாம்பும். காரையின் களிமண் மேடுகளில் அம்மோனைட், பெலம்னைட் (கணவாய் போன்ற உயிரியின் உள்ளோடு), சுறாப் பல் எல்லாம் கிடைப்பது அதனால்தான். டைனோசர்கள் முட்டையிட்டது தரையில். ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே முட்டைக்குக் காற்று வேண்டும். நீரில் மூழ்கினால் கரு இறந்துவிடும். அதே கடலில் வாழ்ந்த இக்தியோசார் என்ற மீன் வடிவ ஊர்வனவும் குட்டி போட்டவையே. ஆகவே கடல் களிமண்ணில் வரிசையாக முட்டை கிடைத்தது என்றால் முதலில் சந்தேகப்படுவதே முறை.

அப்படியானால் அந்த உருண்டை எப்படி வந்தது? இறந்த அம்மோனைட் சேற்றில் புதைகிறது. உடல் அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதித்தன்மை மாறி, சேற்றுத் துகள்களின் இடைவெளியில் கால்சியம் கார்பனேட் படிகிறது. மேலே படியும் மண்ணின் எடை நசுக்கும் முன்பே இது நடந்துவிடுவதால், வெளியே களிமண்ணில் கிடக்கும் ஓடுகள் தட்டையாகிப் போக, உருண்டைக்குள் இருப்பது முழு வடிவில் தப்புகிறது. பின்னாளில் வெயிலும் மழையும் பட்டு மேற்பரப்பு அடுக்கடுக்காக உரிகிறது. அந்த உரிசலைத்தான் பலர் முட்டை ஓடு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உண்மையான ஓட்டுக்கு அடையாளம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளிலிருந்து 256 முட்டைகளை ஆய்வாளர்கள் பதிவு செய்து 2023இல் வெளியிட்டார்கள். விட்டம் 15 முதல் 17 செ.மீ.; ஒரு கூட்டில் இருப்பவை ஏறத்தாழ ஒரே அளவு. கல் உருண்டைகளோ நெல்லிக்காய் அளவிலிருந்து பூசணி அளவு வரை கலந்து கிடக்கும். முட்டை ஓடு சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே அடுக்கு. உள்ளே இருக்கும் கல்லிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும். ஐயம் தீர ஒரு துண்டை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். விசிறி போல விரியும் படிகங்களும் இடையே காற்றுத் துளைகளும் இருந்தால் அது ஓடு. அமிலம் விட்டால் நுரைக்கிறது என்பதை மட்டும் சான்றாக ஏற்காதீர்கள். முட்டை ஓடும் சுண்ணாம்பு, உருண்டையை இறுக்கியதும் சுண்ணாம்பு, இரண்டுமே நுரைக்கும்.

முட்டை இல்லை என்றதும் அந்தக் கல்லைத் தூக்கி எறிவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அம்மோனைட்தான் இப்பாறைகளின் காலக் கணக்கைத் தருகிறது. அதன் இனங்கள் வேகமாக மாறிக்கொண்டே இருந்தன, கடல்தோறும் பரவியும் இருந்தன. எனவே ஓட்டின் வரிகளையும் ஓட்டுக்குள் இருக்கும் அறைச் சுவர்களின் மடிப்பையும் பார்த்து அரியலூர்ப் படிவை ஐரோப்பாவின் படிவோடு பொருத்த முடிகிறது. நிலவியலாளர்கள் ஹென்றி பிளான்ஃபோர்டும் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்காவும் 1860களில் செய்த வேலை இதற்கு அடித்தளம். பூஜையில் வைக்கும் சாளக்கிராமமும் பெரும்பாலும் அம்மோனைட்தான், நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் இன்னும் பழைய காலத்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய பேரழிவை ஒட்டி இந்த இனம் முழுதாக அற்றுப்போனது. அதன் உறவான நாட்டிலஸ் பிழைத்தது. பேரழிவுக்குப் பிந்திய, அரியலூர்ப் பகுதியின் நின்னியூர்ச் சுண்ணாம்புக் கல்லில் நாட்டிலஸ் வகை ஓடுகள் கிடைக்கின்றன.

டைனோசர் நம் மண்ணில் இல்லாமலும் இல்லை. கிரிட்டேசியஸின் கடைசியில் ஆற்றுமணல் படிந்து உருவான, அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டுப் பாறையில் எலும்புகளும் பற்களும் கிடைத்துள்ளன. அங்கிருந்து நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் விவரித்த புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரின் கீழ்க்கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது. பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்று அந்த எலும்பு இல்லை. மிகவும் பொடியக்கூடியதாக இருந்ததால், தோண்டிய இடத்தில் சுற்றிய பிளாஸ்டர் கட்டுக்குள்ளேயே நொறுங்கிவிட்டது. எஞ்சியவை படங்களும் அளவுகளும்தான்.

கல்லமேட்டுப் படிவு தரைப்படிவு என்பதால், மெய்யான முட்டை ஒருநாள் அங்கே வெளிப்படவும் வாய்ப்பு உண்டு. அதனால் இதையும் அச்சிடுங்கள். முட்டையையோ எலும்பையோ கண்டவர் தோண்டவோ கழுவவோ வேண்டாம். நீர் பட்டால் களிமண் உப்பி எலும்பைப் பிளந்துவிடும். ஃபெவிக்கால் பூச வேண்டாம், பிறகு அதை முழுதாக எடுக்க முடியாது. பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்து, கைபேசியில் இடக்குறியைப் பதிந்து, உலர்ந்த மணலால் மூடிவிட்டு வட்டாட்சியருக்குச் சொல்லட்டும். எடுக்கும் வேலை பயிற்சி பெற்றவர்களுடையது. அவர்கள் எலும்பை நிழலில் உலரவிட்டு, அசிட்டோனில் கரைத்த அக்ரிலிக் பிசினை நீர்த்த நிலையில் ஊறவிடுவார்கள். கெட்டியாகக் கரைத்தால் மேலே தோலாக நின்றுவிடும், உள்ளே இறங்காது. அதன்மேல் ஈரக் காகிதம் சில அடுக்கு, பிறகு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த சாக்குத் துணி. காகிதத்தை விட்டுவிட்டால் பிளாஸ்டரோடு எலும்பின் மேற்பரப்பும் பெயர்ந்து வரும். பிளாஸ்டர் முழுதும் இறுகும் முன் புரட்டினால் நடுவில் முறியும்.

இப்படிக்கு,
தொல்லுயிரியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி